திடலில் உட்கார மறுத்த ஜெயலெட்சுமி

ஜெயலெட்சுமி முதன்முதலில் பந்தை உதைத்தது ஆசையில் அல்ல, கோபத்தில். அந்தக் கோபம் முழுக்கப் புருஷன் தங்கராஜு மேல். அதனால் இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும் அவர் குறுக்கே விழுந்து, "அன்னைக்கு என்மேல தப்பு இல்லலா" என்று ஆரம்பிப்பார். தப்பு அவர்மேல்தான்.

ஆயர் ஈத்தாம் பக்கம் மூன்று பழைய அடுக்குமாடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நடுவே ஒரு திடல். பாதி புல், பாதி செம்மண். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஆண்கள் எல்லாரும் அங்கேதான். தங்கராஜு துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர், அடுக்குமாடிக் காற்பந்துக் குழுவுக்குச் செயலாளர் வேறு. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஜெயாவின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஒன்பதாவது மாடியிலிருந்து ஜெயா போன் போட்டுப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம்" என்றார். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே அஞ்சு நிமிஷம். அதற்குமேல் அவள் போன் போடவில்லை, நேரே இறங்கி வந்துவிட்டாள்.

அவள் திடல் ஓரத்தில் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் ஆட்டம் தானாக நின்றது. பந்து உருண்டு வந்து அவள் காலடியில் கிடந்தது. யாரோ ஒருத்தன் அசட்டுத்தனமாக, "அக்கா, பந்து" என்றான். ஜெயா கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். ஒரே உதை. செருப்பு ஒரு பக்கம் பறந்தது. பந்து திடலின் இந்த மூலையிலிருந்து கிளம்பி, எல்லார் தலைக்கும் மேலே போய், எதிர்க்கோடிக் கோலுக்குள் இறங்கியது. கோல் காத்தவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அது தன்னைத் தேடி வருகிற பந்து என்றே அவனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

தங்கராஜு பால்குடி மறந்த நாளிலிருந்து பந்து உதைக்கிறவர். அந்த மாதிரி ஒரு பந்து அவர் காலிலிருந்து ஒருநாளும் போனதில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பாலத்தின்மேல் காடி ஓட்டிக்கொண்டு போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஜெயா, எப்படி அடிச்சே அத?"

"உங்க மூஞ்சிய நெனச்சேன், அடிச்சேன்."

அன்றைக்குப் பிடித்த ஆச்சரியம் அந்த மனுஷனை இன்னும் விடவில்லை.

ஜெயா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டர். நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் குனிந்து சில்லுகளைப் பார்க்கிற வேலை. "அந்த வேலைக்கு அப்புறம் தூரத்துல ஒரு பொருளப் பாத்தா, கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்கு" என்பாள். பந்து அவளுக்கு அப்படித்தான் பிடித்துப்போனது. தனியாக உதைத்தால் பைத்தியம் என்பார்களே என்று பக்கத்து வீட்டு ஹாஜராவைக் கூப்பிட்டாள். ஹாஜராவின் கணவர் அப்துல் ரஹீம் மீ கோரேங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறவர். "தலையில துடோங் முக்காட்டோட ஆடுறதுன்னா ஆடு, எனக்கென்ன. ஆனா சோத்த ஆக்கி வச்சிட்டுப் போ" என்றாராம். "ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறீங்க, இன்னைக்கு ஒருநாள் வீட்டுக்கும் ஆக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி வந்துவிட்டாள். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை. ரஹீம் பாய் ஞாயிறுதோறும் ஆக்கிக்கொண்டிருக்கிறார்.

ஹாஜரா தன் வீட்டிலேயே இருக்கிற நாத்தனார் இமானை இழுத்து வந்தாள். பதினாலாவது மாடியிலிருந்து இரண்டு பேர், நாலாவதிலிருந்து ஒருத்தி, பதினாறாவதிலிருந்து கோல் காக்க நல்ல வாட்டசாட்டமான ஒரு பெண். ஏழு பேர் ஆட்டத்துக்கு ஏழு பேர் சேர்ந்துவிட்டது. ஆண்கள் படுக்கையை விட்டு எழாத ஞாயிறு காலையில் திடல் இவர்களுடையது.

இவர்கள் ஆடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கட்டடத்தில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள், அதனால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. ஒன்பதாவது மாடி அக்கா, பதினாலாவது மாடி ஆண்ட்டி, அவ்வளவுதான். திடலிலும் அதுவே வந்துவிட்டது. "நாலு, நாலு, போடு!" என்றால் நாலாவது மாடிக்காரி பந்தைத் தட்ட வேண்டும். "ஒம்போது" என்று கத்தினால் மூன்று பேர் திரும்புவார்கள். அதில் யாருக்குப் பந்து என்று எப்படியோ அவர்களுக்குள் தெரிந்துவிடும். தங்கராஜு மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மண்டையைச் சொறிவார். அவருடைய குழுவில் பேர் சொல்லிக் கூப்பிட்டே பந்து போய்ச் சேர்வதில்லை.

ஆண்கள் குழுவுக்கு ஒரு புரவலர் இருந்தார், டத்தோ பட்டம் வாங்கிய கோகிலன். பழைய இரும்பு வியாபாரத்தில் மேலே வந்த மனிதர். வருஷா வருஷம் தீபாவளிக் கிண்ணப் போட்டிக்குப் பந்தல், பரிசு, சாப்பாடு எல்லாம் அவர் செலவு. கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், சவப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டு அதைப் பேசமாட்டார். ஆனால் அவருக்கு ஜெயிக்க வேண்டும். அதற்காக வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆட்டக்காரர்களை இறக்குவார். அடுக்குமாடிப் பையன்கள் அவர் வாங்கிக் கொடுத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, வெளியூர்க்காரன் ஆடுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிப் பார்ப்பார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பணம் போடுகிறவர் சொல்கிறபடி நடக்கும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார்கள்.

போன வருஷம் ஜெயா அடித்த ஒரு கோலை யாரோ படம் பிடித்து டிக்டாக்கில் போட, அது எங்கெங்கோ ஓடி, டத்தோவின் கைக்கும் வந்தது. அடுத்த கூட்டத்திலேயே சொன்னார். இந்தத் தடவை பெண்களுக்கும் ஒரு கிண்ணம், பாலிக் புலாவ் பெண்கள் குழுவோடு ஆட்டம். ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு, திடலுக்கு நாலு பக்கமும் உயரமான விளக்குக் கம்பம் நட்டுத் தருவார்.

"ஒரே ஒரு விஷயம்தான்" என்றார். "கோலாலம்பூர்லேர்ந்து நல்ல பிளேயருங்க ஏழு பேர நான் கொண்டாறேன். நம்ம அக்காமாருங்க ஜெர்சி போட்டுக்கிட்டு பெஞ்சுல அழகா உக்காந்து போட்டோ எடுத்துக்கட்டும். கடைசியில ரெண்டு நிமிஷம் எறக்கி விடுவோம்."

விளக்கு என்றதும் கூட்டமே எழுந்து நின்றது. தங்கராஜுவும் தலையாட்டினார். பெண்டாட்டியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ஜெயா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க திடல்ல எங்களுக்கே எடம் இல்லயா?"

"ரெண்டு நிமிஷம் இருக்கே ஜெயா."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் டத்தோவுக்கு அவளே போன் போட்டு, ரொம்ப நன்றி, நாங்கள் எங்கள் சட்டையில் எங்கள் காலாலேயே ஆடிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். டத்தோ கோபப்படவில்லை. "உங்க இஷ்டம் தங்கச்சி. ஆனா விளக்குக் கணக்கு வேற மாதிரி ஆயிரும்" என்றார்.

அந்த விளக்கு சும்மா விளக்கு இல்லை. அதுதான் சங்கடம். தொழிற்சாலைப் பஸ் பெரிய ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கட்டடத்துக்கு வர இருட்டுத் திடலைக் கடந்துதான் வர வேண்டும். ஐந்தாவது மாடி ருக்குமணியின் மகள் குமுதாவை அங்கேதான் மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் பையைப் பிடுங்கி இழுத்துத் தள்ளினார்கள். முன்பல் உடைந்தது. பல்லைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெண் பட்டப்பகலில்கூடத் திடலில் கால் வைப்பதில்லை. யாராவது கூட வந்தாலும் சுவரோரமாக, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் வருவாள். இருபத்திரண்டு வயசுப் பெண்.

விஷயம் தெரிந்ததும் ருக்குமணி ஒன்பதாவது மாடிக்கு ஏறி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஒனக்குப் பந்து வெளையாடணும். என் மவளுக்கு வீட்டுக்கு வந்து சேரணும். எது பெருசுன்னு நீயே சொல்லு ஜெயா."

ஜெயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தங்கராஜு உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளை எதிர்த்து யாராவது பேசினால் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ருக்குமணி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அக்கா சொல்றதுல ஒண்ணும் தப்பில்லங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவளும் ஹாஜராவும் மற்றவர்களும் முறை வைத்துக்கொண்டு, பஸ் வருகிற நேரத்துக்குப் பெரிய ரோட்டில் போய் நின்றார்கள். கையில் டார்ச், கழுத்தில் விசில். இறங்குகிற பெண்களை நடுவில் விட்டு, திடல் வழியாகவே சத்தமாகப் பேசிக்கொண்டு கூட்டி வந்தார்கள். மழை பெய்தாலும் போனார்கள். குமுதா மட்டும் சுவரோரமாகவே வந்தாள், ஜெயாவும் அவளோடு சுவரோரமாகவே நடந்தாள். எதுவும் கேட்கமாட்டாள். ஜெயாவும் அன்றைக்கு நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்துவிட்டு வந்தவள் என்பது தங்கராஜுவுக்குத்தான் தெரியும். இந்த உடம்பில் எங்கேயிருந்து இவ்வளவு தெம்பு வருகிறது என்று அவர் மலைத்துப் போவார். குழுவில் மற்ற ஆண்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசாத நேரம் அது. "வீட்டுல யாரு தலைவர்?" என்று நக்கல் வேறு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கிண்ண நாள் வந்தது. சாயங்காலம் ஆண்கள் இறுதி ஆட்டம், அதற்கு முன்னால் பெண்கள் ஆட்டம். மூன்று கட்டடத்து நடைபாதைகளிலும் சனம். பந்தலில் டத்தோ. அவருக்குப் பின்னால், அவர் கம்பெனிப் பேர் போட்ட ஜெர்சியில் ஏழு இளம்பெண்கள். ஜெயா கடைசி நேரத்தில் மனசு மாறினாலும் மாறலாம் என்று கோலாலம்பூரிலிருந்து கூட்டி வந்துவிட்டார்.

ஜெயாவின் குழு மாம்பழ நிறச் சட்டையில் இறங்கியது. ஹாஜராவின் தம்பி சாஹித் சௌராஸ்தா பசார் பக்கம் சட்டையில் அச்சடிக்கிறவன், அடக்க விலைக்குச் செய்து கொடுத்தான். நடுவர் ஹனா, முகத்தில் சிரிப்பே இல்லாத மலாய்ப் பெண், வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். ஒன்பது. அடுத்ததும் ஒன்பது. அதற்கடுத்ததும் ஒன்பது. அப்புறம் இரண்டு பதினாலு.

சாஹித் முதுகில் என்ன எண் போட என்று கேட்டிருக்கிறான். இவர்கள் அவரவர் மாடியைச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் கேள்வி கேட்காமல் போட்டுவிட்டான். ஏழு பேரில் ஒருத்திக்குக்கூட இது உறைக்கவில்லை பாருங்கள். அவர்களுக்கு அது எண்ணே இல்லை, வீடு.

"ஒரே எண்ணில் இரண்டு பேர் ஆட முடியாது" என்றார் ஹனா. "மாற்றுங்கள், இல்லையென்றால் ஆட்டம் இல்லை."

நடைபாதைகளில் சிரிப்பு கிளம்பியது. தங்கராஜுவுக்கு அந்தச் சிரிப்பு தன் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. டத்தோ பந்தலிலிருந்து எழுந்து வந்தார். அறிவிப்பாளர் ஷஃபீக் மைக்கைப் பிடித்தபடியே கூட வந்தான், அதை அணைக்கத் தோன்றவில்லை அவனுக்கு. அதனால் அடுத்து அவர்கள் பேசியதெல்லாம் பதினேழு மாடிக்கும் கேட்டது.

"தங்கச்சி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல" என்றார் டத்தோ. குரலில் உண்மையான பிரியம் இருந்தது. "என் பிள்ளைங்க ரெடியா நிக்கிறாங்க. நீங்க பெஞ்சுல உக்காருங்க. நாளைக்கே கம்பம் நட ஆள் அனுப்புறேன்."

ஜெயா அவரைப் பார்த்தாள். பிறகு பெரிய ரோட்டுப் பக்கம் பார்த்தாள். சரி என்று சொல்லப் போகிறாள் என்று தங்கராஜு நினைத்தார்.

"விளக்கு வேணும் டத்தோ. ஒங்களவிட எங்களுக்குத்தான் ரொம்ப வேணும்" என்றாள். "ஆனா எங்கள உக்கார வச்சிட்டுத்தான் அது எரியும்னா, அந்த வெளிச்சத்துல நாங்க யாரப் பாக்கிறது?"

சிரிப்பு நின்றது. ஜெயா தனியாக, முதுகில் அந்த அசட்டு ஒன்பதோடு, திடல் நடுவில் நின்றாள். விளக்கை வேண்டாமென்று இரண்டாவது தடவையாக, ஊரே கேட்கச் சொல்லிவிட்டாள். இனி யாராவது காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ருக்குமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கராஜு, லோரியில கறுப்பு டேப்பு வச்சிருக்க இல்ல? என்னத்த வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? போய் எடுத்தா."

தங்கராஜு ஓடினார். செயலாளர், நாற்பத்தேழு வயசு, முழங்கால் வலிக்காரர், அப்படி ஓடி அந்தத் திடலில் யாரும் பார்த்ததில்லை. இமானின் ஒன்பதுக்கு முன்னால் ஒரு கோடு, பத்தொன்பது. ஹாஜராவுக்கு நாற்பத்தொன்பது. பதினாலில் ஒன்று நாற்பத்து நாலானது. அவரே மண்டியிட்டுப் பல்லால் டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டினார். ஜெயாவின் ஒன்பதை அப்படியே விட்டுவிட்டார். ஹனா சுற்றி வந்து பார்த்துத் தலையசைத்து விசிலை ஊதினார்.

பாலிக் புலாவ் பெண்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. பாதி நேரத்துக்குள் மூன்று கோல் போட்டார்கள். ஆனால் மேலே நடைபாதையில் ஒருவர் நகரவில்லை. அந்தந்த மாடி தன் ஆளைக் கூப்பிட்டது. நாலாவது மாடி முழுக்க "நாலு" என்றது. ஒன்பதாவது மாடியில் ரஹீம் பாய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினார். கடைசியில் ஜெயா பாதித் திடலிலிருந்து பந்தை எடுத்தாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தி மேல் மோதி விழுந்தாள், எழுந்தாள், தட்டிவிட்டாள். ஹாஜரா அதை உள்ளே தள்ளினாள். மூன்றுக்கு ஒன்று. தோற்றுப் போனார்கள். தங்கராஜு கண்ணைத் துடைக்கக்கூட மறந்து நின்றார். இவளோடுதான் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினோமா என்று அவருக்கு இருந்தது.

விளக்கு வரவில்லை. டத்தோ சொன்ன சொல் தவறாதவர், அந்தச் சொல்லிலும் தவறவில்லை. இப்போது நகராண்மைக் கழகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ருக்குமணிதான் மாடி மாடியாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். ஜெயாவைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

அடுத்த ஞாயிறு ஆண்கள் சாயங்கால ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, மீதி நேரத்தைப் பெண்களுக்கு விட்டார்கள். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஓரமாக ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். தங்கராஜு கோல் வலையை முடிந்துகொண்டிருந்தார். பொழுது இறங்கி, ஆள் முகம் மங்கத் தொடங்குகிற நேரம். மூன்று கட்டடத்திலிருந்தும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், தெரியாத முகங்கள்கூட. அவர்களுக்கெல்லாம் பின்னால், மாடிப்படியின் கடைசிப் படியில் குமுதா நின்றாள். பக்கத்தில் ருக்குமணி. குமுதா தாயின் கையிலிருந்து தன் கையை எடுத்தாள்.

"அக்கா, நானும் வரட்டுமா?"

ஜெயா தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றினாள். குமுதாவின் காலடியில் வைத்தாள். "கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், கயித்த இறுக்கிக் கட்டு" என்றாள்.

"அப்ப நீங்க?"

"நான் உக்காந்து பாக்குறேன்."

குமுதா கட்டினாள். பந்தைக் காலால் தொட்டாள். முதலில் அதைத் தள்ளத் தெரியாமல் தள்ளிக்கொண்டு நடந்தாள், பிறகு ஓடினாள். யாரும் அவளிடமிருந்து பறிக்கப் போகவில்லை. யாரும் கூட ஓடவும் இல்லை. சுவரை விட்டு, நடுத்திடலுக்கு வந்து, தன் பையைப் பிடுங்கிய அந்த இடத்தைத் தாண்டி, பெரிய ரோட்டுப் பக்கக் கோடி வரைக்கும் தனியாகப் போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். தங்கராஜு கையிலிருந்த வலையைக் கீழே விட்டுவிட்டார். ஜெயா வெறுங்காலோடு புல்லில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.